பச்சை எண்ணிக்கை

கப்பல் வந்த மறுநாள்
பிறை ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
ஒட்டுநாடாவில் நூறு நூறாய் ஐந்து வரிசை.
கருமணிகள். கடுகென்றே சொல்வீர்கள்.
கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை, கனோலா.
இவளிடமிருந்து காரத்தை
யாரோ முன்பே கழற்றிவிட்டார்கள்.
சிறுத்ததும் சிறுத்து, காரமும் போய்,
மிச்சம் எண்ணெய்தான்.

உருளையை ஒருமுறை ஓட்டுகிறேன்.
தகரக் கூரையில் மழை தொடங்கும் சத்தம்.
உள்ளே மஞ்சளென்றால் முற்றிய விதை.
பச்சையென்றால்
பழுக்குமுன் அங்கே உறைபனி விழுந்திருக்கிறது.

இந்தச் சரக்கில் பதினொரு பச்சை.
ஊய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துக்
கையெழுத்திட்டார். விலை இறங்கும்.
நான் கால் வைக்காத ஒரு சமவெளியில்
ஆகஸ்டு கடைசியின் ஏதோ ஓர் இரவு
ஆயத்தமில்லாமல் குளிர்ந்திருக்கிறது.
எனக்குத் தெரிந்தது அந்த ஓர் இரவுதான்.

பன்னிரண்டு ஆண்டுகளாய் இப்படித்தான்
கட்டங்களுக்குள் பருவம் பார்க்கிறேன்.
ஈரம் ஏழு புள்ளி இரண்டு: அறுவடைக்கு வெயில் வாய்த்தது.
எண்ணெய் குறைவு: பூக்கும் மாதம் சுட்டது.
பள்ளியில் ஆறு பெரும்பொழுதை
மூச்சுவிடாமல் ஒப்பித்தவள் நான்.
இங்கே பொழுது இரண்டு:
குடை எடுத்த நாள்,
எடுக்காமல் நனைந்த நாள்.

மிச்ச மாதிரியை எரிக்க வேண்டும், விதி.
காலுறை மடிப்பில் ஒளிந்து
ஏழு மணிகள் பட்டர்வொர்த் வரை வந்தன.
ஐந்தாம் மாடி, சாய வாளி, கொஞ்சம் மண்.

நான்காம் நாள் இரட்டை இலை,
இதயத்தைக் கிள்ளி வைத்ததுபோல்.
மூன்றாம் வாரம்
சாம்பல் பூசிய நீலப்பச்சையில் அகன்றது.
பக்கத்து வீட்டு கக் ரொஹாயா
கம்பிவழி எட்டிப்பார்த்து, "சாவியா?" என்றார்.
பதிலுக்குக் காத்திராமல் நாலு இலை கிள்ளிப்போய்
பெலாச்சானில் வதக்கினார்.
"சப்பென்று இருக்கு," மறுநாள் புகார்,
கையில் இன்னும் நாலு இலை.

பிறகு ஒரே வாரத்தில்
தண்டு கம்பியைத் தாண்டியது.
உச்சியில் மஞ்சள்,
நான்கிதழாய், சிலுவைபோல் விரிந்து.
துணி காயப்போட வந்தவர்கள் நின்று போனார்கள்.
நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன், மூன்று நாள்.

ஆனால் இரவு குளிரவில்லை.
விடியும்போதெல்லாம் பூ உதிர்ந்து
காய் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் காம்பு,
எண்ண மறந்த விரல்களாய்.
உறைபனிக்குப் பயந்த விதையை
எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன்,
குளிருக்கு ஏங்கும் செடியை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒரே ஒரு காய் பிடித்தது. கோணல்.
பழுத்து வெடிக்குமுன் பறித்தேன்.
உள்ளே இரண்டு மணி.
ஒன்றை நகத்தால் நசுக்கினேன், பழக்கதோஷம்.

மஞ்சள்.

மற்றதைக்
கக் ரொஹாயா கேட்கிறார்,
இலைக்காக.