பதினெட்டாம் நாள்

ம்பாலேயில் பழைய காப்பிக் கிடங்கு ஒன்றுக்கு
வெள்ளையடித்து, இணையம் இழுத்து,
பன்னிரண்டு மேசை போட்டுத்
தொழில் அடைகாப்பகம் என்று பலகை மாட்டினார்கள்.
எத்தனை பூச்சு பூசியும்
சுவரில் காப்பிக்கொட்டை வாசம் போகவில்லை.

ஆறு மாதம் இடம் இலவசம்.
வாரம் ஒருமுறை ஆலோசகர்.
என்னுடையது ஏழாம் மேசை.
மோட்டார் சைக்கிள் உதிரிபாகத்துக்கு ஒரு செயலி.
பதிவிறக்கியவர்கள் நாற்பத்தொரு பேர்,
அதில் ஒன்பது பேர் எனக்கு மச்சான் முறை.

கைன்ஸா வந்த அன்று
சமையலுக்கு வந்தவள் என்று நினைத்துக்
காவலாளி பின்வாசலைக் காட்டினான்.
ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம்
குளிர்ப்பெட்டி ரிப்பேர்.
தள்ளுவண்டியில் கொண்டுவந்ததும்
செத்துப்போன ஒரு குளிர்ப்பெட்டிதான்.
உள்ளே இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி,
தண்ணீர்க் கிண்ணம், எண்பத்தெட்டு முட்டை.

"அடைகாப்பகம் என்று எழுதியிருக்கிறதே,
அடைவைக்க வந்தேன்" என்றாள்.
நாங்கள் சிரித்தோம்.
அவள் பிளக் எங்கே என்று
தேடிக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் நாலுக்வா கம்பாலாவிலிருந்து பேருந்தில் வருவாள்.
இருபத்தெட்டு வயது, வங்கி வேலை, குதிகால் உயர்ந்த செருப்பு.
கைன்ஸாவின் கடைசி மகளைவிட இளையவள்.
"உங்கள் சந்தை எவ்வளவு பெரியது?"
"வெள்ளிக்கிழமை பெரிது.
மற்ற நாளில் பாதிக் கடைதான் இருக்கும்."
நாலுக்வா எழுதினாள், அடித்தாள்,
கொஞ்சம் யோசித்து மறுபடி எழுதினாள்.

ஏழாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு
ஒவ்வொரு முட்டையாகக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்தாள் கைன்ஸா.
சிவப்பு நரம்பு ஓடினால் உள்ளே.
ஓடாததில் பென்சிலால் ஒரு கோடு.
பத்தொன்பது கூமுட்டை.
"இப்போதே எடுத்துவிட வேண்டும்.
விட்டால் வெடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுக்கும்."
யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று மதியம் என் கணக்கை விரித்த நாலுக்வா
"வெபுகுலு, இதை மூடிவிடுங்கள்" என்றாள்.
காரணம் சொன்னாள். ஒவ்வொன்றும் சரி.
பதினோரு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்த இரவு
வானாலே மலையில் இடி.
ஒன்பது மணிக்கு ஊரே அணைந்தது.
ஜெனரேட்டர் இருந்தது. டீசலுக்கான நிதி
அடுத்த காலாண்டில் இருந்தது.
எதிர்ச் சாரிச் சப்பாத்திக் கடையில்
கரியடுப்பு மட்டும் எரிந்தது.

மஞ்சள் ஜெரிகேனில் வெந்நீர் பிடித்து
கைன்ஸா பெட்டிக்குள் வைத்தாள்.
ஆறியதைத் தூக்கிக்கொண்டு
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் நடந்தாள் நாலுக்வா,
போய், வந்து, மறுபடி போய்.
வெப்பமானி என் கையில்.
முப்பத்தேழு புள்ளி எட்டு, என்றேன்.
பதினோரு நாளுக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.
புள்ளி ஐந்து. புள்ளி இரண்டு. மூடு, மூடு, கதவை மூடு.
விடியும்வரை மூவரும்
எண்களில்தான் பேசினோம்.

காலையில் புகை மணக்கும் துணியோடு வரிசையில் நின்றோம்.
"இது எப்போது வளரும்?" என்றார் டை கட்டிய ஒருவர்.
"வியாழக்கிழமை" என்றாள் கைன்ஸா.
அவர் பணம் தரவில்லை. முகவரி அட்டை தந்தார்.
பெட்டிக் கதவின் ஆட்டம் நிற்க
அதை மடித்துச் செருகினாள்.

வியாழன் காலை பத்தாம் மேசைக்காரர்
நெதர்லாந்தோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தார்.
அங்கே என்ன சத்தம் என்று கேட்டார்கள்.
பதில் சொல்லாமல் திரையைத் திருப்பினார்:
ஐம்பத்துமூன்று.

பொரிக்காத பதினாறுக்கு
ஒவ்வொரு நடையின் நேரத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்த நாலுக்வா
கீழே "பேட்டரி" என்று எழுதி
இருமுறை அடிக்கோடிட்டாள்.

நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன்.
கையில் குஞ்சோடு வந்த கைன்ஸா கேட்டாள்:
"சின்ன மின்விசிறி நாற்பது வேண்டும்.
எங்கே மலிவு?"

செயலியைத் திறக்காமலே சொன்னேன்.