ஜூன் வரைக்கும்

மேசையில் இரண்டு தாள்.
ஒன்றில் விலை இருக்கிறது.
மற்றதில் விலை என்ற கட்டத்துக்குள்
ஒரு சின்னக் கோடு.

லியெபாயாவில் டிராம் பாதை ஒன்றே ஒன்றுதான்.
அதன் நேர அட்டவணையைக் காட்டும் சர்வரும்
ஒன்றே ஒன்று.
பால்டிக் காற்று சன்னலை உலுக்கும் பிப்ரவரியில்
நிறுத்தத்தில் நிற்பவர்கள்
கையுறையைப் பல்லால் கழற்றி
என்னைத்தான் கேட்கிறார்கள்,
என்னைக் கேட்பதாகத் தெரியாமல்:
அடுத்த வண்டி எப்போது?

உரிமக் கட்டணம் இந்த ஆண்டும் ஏறியிருக்கிறது.
புது எந்திரத்தில் பதினாறு கோர்,
கோருக்கு இவ்வளவு என்று கணக்கு.
"எட்டுதானே ஓடுகிறது?" என்று எழுதினேன்.
"இருப்பது பதினாறு" என்று பதில் வந்தது.
காலி நாற்காலிக்கும்
சாப்பாட்டுக் காசு வாங்கும் கடை.

கணக்குப் பிரிவு இல்க்வர்ஸ்
கண்ணாடியைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்:
"ராத்திரி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?"
நியாயமான கேள்வி.
விலையுள்ள தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண்.
மூன்றாண்டில் இரண்டு முறை அழைத்திருக்கிறேன்.
முதல்முறை நாற்பது நிமிடம் பியானோ.
இரண்டாம்முறை எடுத்தவன் பெயர் மறந்துவிட்டது.
நல்லவன். பதிவுக்கோப்பை வரிவரியாக வாசித்து
விடிவதற்குள் எழுப்பிக் கொடுத்தான்.
அதையும் சொல்லிவிட்டேன்.
மறைத்து ஜெயிக்க மனம் வரவில்லை.

விலையில்லாத தாளுக்கு எண் கிடையாது.
அதற்கு நான்.
என் கைபேசி, என் தலையணை,
தலையணைக்கு அடியில் வைத்தாலும்
பல்லில் வந்து கேட்கும் அதன் அதிர்வு.

போன நவம்பரில்
அந்தத் திறந்த நிரலுக்குள் ஓர் இரவு இறங்கினேன்.
ஊருக்கே திறந்துபோட்ட வீடு,
அடுப்படி வரைக்கும் போகலாம்.
ஒரு மூலையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்:
"இது எப்படி வேலை செய்கிறதென்று எனக்கே தெரியாது.
தொடாதீர்கள்."
பத்தொன்பது வருடமாக யாரும் தொடவில்லை.
சிரித்தேன். பிறகு பயந்தேன்.
கதவு திறந்திருப்பதால்
உள்ளே ஆளிருப்பதாக ஆகிவிடாது.

ஹீட்டரைத் திருக வந்த பணிமனை யாஸெப்ஸ்
குறடோடு நின்றபடியே சொன்னார்:
"புது டிராமில் முத்திரை வைத்த பெட்டி ஒன்று.
திறந்தால் உத்தரவாதம் போச்சு.
பழையதை நானே பிரிப்பேன்."
இடக்கையை உயர்த்திக் காட்டினார்.
சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.
"பிரித்ததில் போனது."
எந்தப் பக்கம் பேசினார் என்று
யாருக்கும் விளங்கவில்லை.

இயக்குநர் வெல்டா பேனா மூடியைக் கடித்தார்.
"விஸ்மா, நீ இருப்பாய்தானே?"

என் பையில் ரீகாவிலிருந்து வந்த கடிதம்,
நான்காக மடித்து.
இதே வேலை, இரட்டைச் சம்பளம்.
திறந்த நிரலுக்காக மூன்றாண்டாய்
இந்த மேசையைத் தட்டியவள் நான்.
இலவசம், இலவசம் என்றபோதெல்லாம்
அது என் தூக்கத்தில் கழிகிறது என்பதை
அவர்களும் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை
அந்தக் கோடு கிடந்த கட்டத்தில்.

"ஜூன் வரைக்கும்" என்றேன்.

ஹீட்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

பிறகு வெல்டா கோட்டை அடித்துவிட்டு
மேலே எழுதினார்: இரண்டு பேர்.
சம்பளம், உரிமக் கட்டணத்திலிருந்து.
இல்க்வர்ஸ் கூட்டிப் பார்த்தார்.
மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்தானது.

இன்று இரவு பதினொன்றே முக்கால்.
கடைசி வண்டி பணிமனைக்குள் போய்விட்டது.
டிக்கெட் பிரிவு சர்மீத்தே என் நாற்காலியில்,
சீருடையைக்கூட மாற்றவில்லை.
நான் அவளுக்குப் பின்னால்
கையைக் கட்டிக்கொண்டு, விசைப்பலகைக்கு எட்டாமல்.
சர்வரை அவளே நிறுத்தினாள்.
கருந்திரையில் ஒரு கோடு மினுங்கிக் காத்திருக்கிறது.

"திரும்ப எழாவிட்டால்?" என்கிறாள்.

திறந்துதான் இருக்கிறது.
உள்ளே போய்ப் பார்.