மூன்றாம் நாற்காலி, இடது கை

எலியெசர் பாரியா கையை நீட்டுகிறார்,
பட்டியிலிருந்து ஆட்டைப் பிடித்துக் கொடுப்பதுபோல.
மகல்லானஸ் பண்ணைகளில்
நாற்பது பருவம் செம்மறிக் கம்பளி கத்தரித்த கை.
முழங்கை மடிப்பை ஒட்டி
தமனியும் சிரையும் தைத்துச் சேர்த்த இடம்
புடைத்திருக்கிறது. விரல் வைத்தால் உறுமும்.
ஸ்டெதஸ்கோப் வைத்தால்
புன்டா அரேனாஸின் அக்டோபர் காற்று.

இந்த ஊரில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகாதிருக்க.
ஊசிக்கும் ஒரு கயிற்றேணி உண்டு:
திங்கள் ஓரிடம், புதன் ஒரு விரல் மேலே,
வெள்ளி இன்னும் மேலே.
எஃகு ஊசி. பதினைந்து கேஜ். சாய்த்துச் சீவிய முனை.
தோல் ஒரு கணம் மறுக்கும், பிறகு விடும்.
"எத்தனை?" என்பேன். பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
"முதல்முறை கத்தரிக்கும் கடா உதைத்த மாதிரி."
ஆறு என்று எழுதுவேன்.

பிறகு ஏழு மாதம் மொட்டை ஊசி.
ஒரே துளை, ஒரே கோணம், ஒரே ஆள்: நான்.
சட்டைப் பொத்தான்போல
பழகிய வழியில் தானே இறங்கும்.
முந்தின பொருக்கை மட்டும்
துளி மிஞ்சாமல் பெயர்த்தெடுக்க வேண்டும்.
"பழைய செருப்பு, யாஸ்னா, பழைய செருப்பு."
ஒன்று என்று எழுதினேன்.

ஐந்தாம் நாற்காலி திருமதி ஒயார்சூனும்
அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஒரு புதன்கிழமை குளிரில் அவருக்குப் பல் கிட்டியது.
ஊசியோடு கூடவே வேறெதுவோ உள்ளே போயிருந்தது.
பத்தொன்பது நாள் மருத்துவமனை. பிழைத்தார்.
என் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டேன்,
அவை காரணமில்லை என்று தெரிந்தும்.

ஆகஸ்டில் பெட்டி வந்தது. பிளாஸ்டிக் ஊசி.
ஊசி என்பது பாதிப் பொய்:
எஃகு முன்னே போய் வழிகாட்டிவிட்டுத் திரும்பிவிடும்,
மெல்லிய குழாய் மட்டும் உள்ளே தங்கும்,
நாளம் வளைந்தால் தானும் வளையும்.
விலை கூடுதல். மேலாளர் இரண்டு தடவை சொன்னார்.
குத்தும்போது எஃகுக்குக் குறைவில்லாத வலி;
ஏழு என்று எழுதினேன். இரத்த வேகம் முந்நூறு.
இதற்கா இத்தனை பணம் என்று நானும் நினைத்தேன்.

இரண்டாம் மணி நேரம். மூன்றாம் நாற்காலியில்
ஏதோ அசைந்தது. ஓடினேன்.
எஃகு உள்ளே இருக்க முழங்கை மடங்கினால்
நாளச் சுவர் கிழியும்,
கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கும்.
இயந்திரமோ வாய் திறக்கவில்லை.
எலியெசர் இரண்டு கைகளாலும்
ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சு! பொட்டாசியம்!
நான் கத்துவதற்குள் தோல் கழன்று வந்துவிட்டது,
அறுபடாமல், ஒரே கம்பளியாக.
"எனக்கு இல்லை," என்றார். "கையுறையைக் கழற்று."

காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை.
அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.
பேனாவை எடுத்தேன், பழக்கதோஷம்,
"எத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.

சுளைகளைப் பிரித்து எண்ணினார்.
"பதினொன்று."