எண்ணூற்று எண்பத்தைந்து கிலோ

செந்தூல் அடுக்குமாடி, பி பிளாக்.
பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே
தொங்கிக்கொண்டிருந்தது லிஃப்ட்.
மழை. மணி ஏழு பத்து.
வேனை இரண்டாவது வரிசையில் விட்டுவிட்டுப்
படியேறினேன்.

கதவை நெம்பினேன்.
லிஃப்டின் தரை என் நெற்றிக்கு நேரே.
அதற்கு மேல் ஒரு முழம் சந்து.
சந்தில் கால்கள்.
கால்கள் மட்டும்.

பிரேக்கை விடுவிக்க வேண்டிய பையன்
மோட்டார் அறைக்கு ஏறிக்கொண்டிருந்தான்,
இன்னும் ஏழு மாடி.
"எத்தனை பேர்?" என்றேன்.
உள்ளே ஒரு பெண் சிரித்தாள்:
"அதைத்தான் நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

குடிமதிப்புக்காரி. பெயர் ஹஸ்லினா.
காலையிலிருந்து கதவு தட்டியும்
பாதி வீடு திறக்கவில்லையாம்.
இப்போது யாரும் எங்கும் போக முடியாது.
படிவத்தை எடுத்துவிட்டாள்.

எல்லாருக்கும் பொதுவாய் ஓர் உடைந்த மலாய்.
சிமெண்ட் காய்ந்த இரண்டு ஜோடி பூட்ஸ்
குமில்லா என்றன.
பளபளத்த கறுப்பு ஷூ, காவலாளி, ஜாப்பா;
ஊரில் மகளுக்கு இன்று பரீட்சை என்றது,
யாரும் கேட்காமலே.
மெட்டி போட்ட விரல்கள் ஈப்போவில் பிறந்தவை.
தோல் செருப்பு "மலாய்" என்று முடித்துக்கொண்டது.
புழுக்கம் ஏற ஏற அதுவே தொடர்ந்தது:
தாத்தா ஜாவா, பாட்டி மினாங்,
கப்பலில் சந்தித்தார்களாம், யார் கண்டது.
வெள்ளைக் கான்வாஸ், டியூஷன் முடிந்து வந்த பையன்:
"அப்பா சீனர், அம்மா தமிழ்."
"அப்பாவின் கட்டத்தில் போடுகிறேன்."
"அம்மாதான் சோறு போடுறாங்க" என்றான்.
பேனா கொஞ்ச நேரம் அசையவில்லை போலும்.

ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர் மட்டும்
கேள்வி வந்ததும்
ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தது.
"பெயர் வேண்டாம். எண் மட்டும்.
போலீஸுக்குப் போகாது."
சிலிப்பர் பேசவில்லை.

பிறகு சந்து வழியே என்னைக் கேட்டாள்:
"அண்ணே, உங்க வீட்டில்?"
நாலு, என்றேன்.
டார்ச்சை அணைத்துவிட்டு, ஐந்து, என்றேன்.
அப்பா சின்னப்பையன்.
ரவாங் பக்கம் ரப்பர்க்காட்டில் பிறந்தவர்.
எழுபத்து மூன்று வயது.
பிறந்ததற்குக் காகிதம் இல்லை,
அதனால் அட்டை சிவப்பு.
"குடிமகன் இல்லை என்று போடவா?"
அட்டையில் அப்படித்தான் இருக்கு.
நீங்க என்ன செய்வீங்க.

மேலிருந்து பையன் கத்தினான்.
கயிறு முனகியது.
கால்களுக்கு மேல் முட்டி வந்தது,
முட்டிக்கு மேல் இடுப்பு, பைகள்,
நாசி லெமாக் பொட்டலம், முகங்கள்.

என் வேலைத்தாளிலும் ஒரு கட்டம் உண்டு:
மீட்கப்பட்டோர்.
இருபத்தாறு கால்களைப் பார்த்து
பதின்மூன்று என்று முன்பே எழுதியிருந்தேன்.
கடைசியாய் இறங்கினாள் ஜப்பான் சிலிப்பர்.
முதுகில் துண்டால் கட்டிய குழந்தை,
வாய் திறந்து தூங்கியது.
தரையில் கால் வைக்காத ஆள்.

ஹஸ்லினாவும் அப்போதுதான் பார்த்தாள்.
"எங்கே பிறந்தது?"
அந்தப் பெண் ஜன்னல் பக்கம் கை நீட்டினாள்.
மழைக்கு அப்பால்
ஜெனரல் ஹாஸ்பிடல் இருக்கும் திசை.
"காகிதம்?"
கை இறங்கியது.

நான் பதின்மூன்றை அடித்தேன்.
பதினான்கு.
ஹஸ்லினா என்ன எழுதினாளோ
எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் கேட்டார்கள்:
பதின்மூன்று பேர் ஏறும் லிஃப்டில் பதினான்கா?
எடை மணி அடிக்கவில்லையா?

அடிக்கவில்லை.
தகட்டில் கணக்குப் போட்டவன்
ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ வைத்திருக்கிறான்.
இவர்கள் அவ்வளவு இல்லை.

ரிலே மாற்றியாயிற்று.
லிஃப்ட் ஓடுகிறது.