கடலுக்கு எத்தனை வினாடி

தேசத்தைச் சுற்றி வந்த அந்தச் சைக்கிள் பந்தயத்தில்
ஏழாம் நாள் எங்களுடையது.
தொண்டியில் கொடி அசைந்தால்
இராமேஸ்வரத்தில் முடியும்.
நடுவே கடல்.

சாலைப் பாலம் அப்போது கிடையாது.
மண்டபம் நிலையத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என்னிடம்
வட்டக் கடிகாரம் ஒன்றும் நீள நோட்டு ஒன்றும் கொடுத்து,
வருகிறவனை நிறுத்து, நேரத்தை எழுது,
ரயிலில் ஏற்று, பாம்பனில் இறக்கி
அதே இடைவெளியில் அவிழ்த்துவிடு என்றார்கள்.
மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

பதினோரு வருடம் அவிழ்த்துவிட்டேன்.

முதல் வருடம் நாற்பத்தாறு பேரும்
தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.
தேவிபட்டினம் தாண்டித் தார்மேல் காயப்போட்டிருந்த
குண்டு மிளகாய்க்குள் புகுந்திருக்கிறார்கள்.
பின்னாலேயே பேருந்தில் வந்து இறங்கினாள் முத்திருளாயி,
நசுங்கியதை முந்தியில் அள்ளிக்கொண்டு.
பந்தயச் செலவுக் கணக்கில்
மிளகாய், பதினேழு ரூபாய்
இன்றும் இருக்கிறது.

ஒரு வருடம் காற்றுமானி சிவப்பு காட்டி
ரயிலைப் பிடித்து வைத்தது. மூன்று மணி நேரம்.
முதலில் வந்தவனும் கடைசியில் வந்தவனும்
முழங்கால் இடிக்க ஒரே பெஞ்சில்,
ஒரே பொட்டலத்துப் பட்டாணி.
நோட்டில் அவர்களுக்கு நடுவே
இருபத்திரண்டு நிமிடம்.
எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சாங்கிலிக்காரன் தத்தாராம் சுர்வே
வந்தது ஐந்தாம் வருடம்.
முதல்வனுக்குரிய சிவப்புச் சட்டை,
அடுத்தவனைவிட நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி கூடுதல்.
பாம்பனில் அவன் எண்ணைக் கூப்பிட்டேன்.
இறங்கவில்லை.
மடியில் சின்னப் பித்தளைச் செம்பு,
வாயில் துணி கட்டியது.
இருநூறு மைல் இருக்கைக்கு அடியில் வந்திருக்கிறது,
யாரும் தண்ணீர் என்றே நினைத்தோம்.
"ராமேஸ்வர்" என்றான். ரயில் நகர்ந்தது.

விதி விதிதான்.
நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி
மிதிமேல் ஒரு கால் வைத்து
அத்தனை பேரும் நின்றார்கள்,
இல்லாத ஒருவனின் முன்னிலை
தீரும்வரை.

மேலத்தெருவில் சிவப்புச் சட்டையைக் கண்டதும்
பேண்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்களாம்.
கொடி பிடித்து நின்ற மஸ்தான்கனி சொன்னான்:
மாலையோடு ஓடினோம்,
அவன் சைக்கிளைத் தோளில் தூக்கி
சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனான்,
கோட்டை மிதிக்கவே இல்லை,
கையால் அலைபோல் காட்டி
எந்தப் பக்கம் என்று கேட்டான்.
பேண்டு நிற்க மறந்து
அக்னி தீர்த்தம்வரை பாதி வழி கூடவே போயிருக்கிறது.

விலகியதற்குக் காரணம் என்று
அச்சடித்த தாளில் நாலு கட்டம்:
பஞ்சர். விழுந்தது. காய்ச்சல். விதிமீறல்.
நடுவர் நாலாவதைத் தொட்டுக் காட்டினார்.
நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு
தகப்பன் என்று எழுதினேன்.
மறுவருடம் தாளில் ஐந்து கட்டம் வந்தது.
ஐந்தாவதில், இதர.

எட்டாம் வருடம் எனக்கு நினைவில்லை.
யாரோ ஜெயித்தார்கள்.

பன்னிரண்டாம் வருடம் பாலம் திறந்திருந்தது.
வாடை விலாவில் குத்த
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
மொத்தக் கூட்டமும் தண்ணீருக்கு மேலே போனது.
யாரும் இறங்கவில்லை. பட்டாணி வாங்கவில்லை.
பத்திரிகைப் பையன் ஒருவன் கேட்டான்:
"கடலுக்கு எத்தனை வினாடி, சார்?"
இருநூற்றுப் பதினைந்து என்றேன்.
"இதற்கு முன்னால்?"

நோட்டைப் புரட்டினேன்.
பதினோரு வருடமும், எல்லோருக்கும்,
கடலுக்குப் பூஜ்யம்.
சுர்வே பெயருக்கு நேரே மட்டும்
சிறு கோடு ஒன்று,
நான் போட்டதுதான்,
தாளின் ஓரம்வரை போகிறது.