கொசுறு

நவோத்தாசில் மழைக்கு முன்பே தண்ணீர் வந்துவிடும்.
கடலுக்கு எங்கள் தெரு கொல்லைப்புறம்.
முழங்கால் நீரில் மிதந்து வந்த ஷாம்பு உறையைத்
துடைப்பக் கட்டையால் இழுத்தெடுத்தேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சு:
மூன்றாம் எந்திரம், இரவு ஷிப்டு.
என் கணவர் தெசிதேரியோ நிற்கும் எந்திரம்.

மனுஷன் அனுப்பியது வாசலுக்கே வந்திருக்கிறது,
சம்பளத்துக்கு முன்னால்.

என் கடை ஒரு ஜன்னல் அகலம்.
கம்பிவலைக்குப் பின்னால்
காப்பி, வினிகர், சலவைத்தூள், பற்பசை
சரம் சரமாகத் தொங்கும்.
கிழிபடும் ஓசையை வைத்தே
யார் வீட்டில் இன்று கூலி வந்ததென்று சொல்வேன்.
மூன்று கிழித்தால் வந்தது.
ஒன்று கிழித்தால் கடன்.

ஜூன் மாதம் மூன்று பீப்பாய்கள் வந்து இறங்கின.
பாத்திரத்துக்கு, துணிக்கு, தலைக்கு.
கூட்டுறவுச் சங்கத்துப் பெண் குழாயைத் திருகிக் காட்டினாள்.
"புட்டி கொண்டுவந்தால் போதும், உறையே வேண்டாம்."
பீப்பாயும் பிளாஸ்டிக்தானே என்றேன்.
"நூறு தடவை நிரப்பலாம்" என்றாள்,
காது மடல் சிவக்க.

முதல் வாரம் பீப்பாய்மேல் பூனை தூங்கியது.
அடுத்த வாரம் ஒரு ரம் புட்டி வந்தது,
பிறகு ஒரு இருமல் மருந்துக் குப்பி,
மூடி தொலைந்த ஜாம் போத்தல் ஒன்று.
ஊர்த்துணி வெளுக்கும் பிலோமெனா மட்டும்
கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.
"உறையில் ஆறு மில்லி என்று போட்டிருக்கும்.
கம்பெனிக்காரன் திருடினாலும்
எல்லோரிடமும் ஒரே மாதிரி திருடுவான்.
உன் கரண்டியை எதை வைத்து நம்ப?"

இருபது வருஷமாகக் கடன் சொல்லி வாங்குகிறவள்.
சுருக்கென்றது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
இத்தனை நாள் நான் விற்றது சோப்பில்லை,
வாய் ஒட்டிய ஒரு சத்தியம்.
சோப்பு ஒரு துவைப்பில் கரைந்துவிடும்.
சத்தியம் போய்
சாக்கடையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

விடியலில் தெசிதேரியோ வந்தார்.
உடம்பெல்லாம் எலுமிச்சை வாசனை.
கடித்துப் பார்த்தால் புளிக்காத எலுமிச்சை.
பிலோமெனா சொன்னதைச் சொன்னேன், பயந்துகொண்டுதான்.
அவர் தட்டிலிருந்த சோறு அந்த எந்திரம் போட்டது.
கருவாட்டு முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டு
கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்தார்.
கொஞ்சம் நீர் ஊற்றினார், கொஞ்சம் கொட்டினார்,
வெளிச்சத்தில் பிடித்து
ஆணியால் ஒரு கோடு கீறினார். ஆறு.
அதற்குமேல் இன்னொன்று. பன்னிரண்டு.

நிமிஷத்துக்கு அறுபது தடவை
ஆறு மில்லி விழுவதைப்
பதினோரு வருஷமாய்ப் பார்த்த கண்.

நம்பாமல் மருந்துக்கடை ஊசிக்குழலால் அளந்தேன்.
முதல் கோடு துல்லியம்.
இரண்டாவது மயிரிழை அதிகம்.
"அது இருக்கட்டும்" என்றார்.

"எந்திரத்தை நிறுத்திவிட்டால்?"
"உன் ஜன்னல் கடையாலா நிற்கப்போகிறது?"
சிரித்தார்.
பிறகு நெடுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

காப்பிச் சரம் இன்னும் தொங்குகிறது.
வினிகரும்தான். அவற்றுக்குப் பீப்பாய் வரவில்லை.
வந்தாலும் வைக்க இடமில்லை.

வியாழக்கிழமை பிலோமெனா வந்தாள்,
கக்கத்தில் ஒரு சோயா சாஸ் புட்டி.
தம்ளரோடு மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டாள்.
நீலத் திரவம் மெல்ல ஏறி
ஆணிக் கோட்டைத் தொட்டது.
புட்டிக்குள் சரித்தேன்.
அவள் நகரவில்லை.

"கொசுறு?"

எந்த உறையிடமும் அவள் இதைக் கேட்டதில்லை.
ஒரு சொட்டு விட்டேன்.
முறைத்தாள்.
இன்னொன்று விட்டேன்.

அதற்குள் கடல் ஏறத் தொடங்கியிருந்தது.
செருப்பை ஒரு கையில் எடுத்துக்கொண்டு
புட்டியைத் தலைக்குமேல் தூக்கியபடி
தெருவைக் கடந்து போனாள்,
காசு மட்டும் தராமல்.