தாத்தா ரோடு

காலை ஐந்தே முக்கால்.
கம்பாஸ் அவென்யூவில்
எனக்கென்று இருப்பது
இடது ஓரத்து இரட்டை மஞ்சள் கோடுகளும்
அவற்றை ஒட்டி ஒரு முழங்கை அகலமும்.

அந்த முழங்கையும் சில நாள் கிடைக்காது.
நேற்றைய மழை தேங்கி நிற்கும்,
வடிகால் கம்பிகள் சக்கரத்துக்கு வாய் திறந்திருக்கும்,
யாரோ கழற்றிப் போட்ட ஒற்றைக் கையுறை கிடக்கும்.
ஓரடி வலப்பக்கம் வந்தால் போதும்,
பின்னால் ஒரு ஹாரன்
வாடகை பாக்கிக்காரன் கதவைப்போல்
என்னைத் தட்டும்.

பேருந்து நிற்கும்போது நான் முந்துவேன்,
நான் மூச்சு வாங்கும்போது அது முந்தும்.
மூன்றாவது நிறுத்தத்தில்
பெருமூச்சு விட்டது
பிரேக்கா ஓட்டுநரா தெரியவில்லை.

என்னை யாரும் பார்ப்பதில்லை,
முதுகைப் பார்க்கிறார்கள்.
முதுகுக்கு முகம் கிடையாது,
போட்டிருக்கிற சட்டைதான் அதற்குப் பெயர்.
ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான உடையில் போனால்
காசு கொழுத்தவள்.
சீருடையில் போனால்
பாவம், பஸ்ஸுக்கு வழியில்லை.
அண்ணன் மகன் கொடுத்த பச்சை மழைச்சட்டையில்
போன அன்று
மருத்துவமனை வாயிலில் காவலாளி நிறுத்தி
சாப்பாடு எந்த மாடிக்கு என்றார்.
நான் இரத்தம் எடுப்பவள்.
நான்காம் மாடிக்கு என்றேன்.

ஒரு நாள் செம்பவாங் சந்திப்பில் சிவப்பு.
வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து
கண்ணாடியை இறக்கியது.
குளிர்காற்றோடு ஒரு குரல்:
"ஹலோ, உன் தாத்தா ரோடா?"

நம் ஆட்கள் ஊரில்
அப்பன் வீட்டு ரோடா என்பார்கள்.
கடல் தாண்டியதில்
ஒரு தலைமுறை ஏறியிருக்கிறது.
என் தாத்தா ரோடு போட்டவரில்லை.
கடற்படைத் தளத்தில் கணக்கு எழுதியவர்,
கடைத்தெருவுக்கு நடக்கவே அலுத்துக்கொள்வார்.
இதைச் சொல்ல வாய் திறப்பதற்குள்
பச்சை.

வீராப்புப் பேச எனக்கும் தகுதியில்லை.
போன செவ்வாய், அட்மிரல்டியில்
எங்கள் புளோக் நடைபாதை.
இரண்டு கையிலும் சந்தைப் பை.
பின்னாலிருந்து மணியடித்த பையனை,
யாருடைய நூடுல்ஸையோ முதுகில் சுமந்தவனை,
திரும்பிக்கூடப் பாராமல் கேட்டேன்:
"இது உன் தாத்தா நடைபாதையா?"
"சாரி ஆன்ட்டி."
இறங்கித் தள்ளிக்கொண்டு போனான்.
தள்ளும்போது சைக்கிள் எவ்வளவு கனம் என்று
எனக்குத் தெரியும்.
இருந்தும் கொஞ்சம் திருப்தியாக இருந்தது,
அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு லாரி.
பின்தட்டில் பத்துப் பன்னிரண்டு பேர்
மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்து
வந்த வழியைப் பார்த்தபடி.
இந்தச் சாலையில்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள்
இவர்கள் மட்டும்தான்.
ஓரத்தில், பாதித் தூக்கத்தில் ஒருவன்
நான் வாயால் மூச்சு விடுவதைப் பார்க்கிறான்,
அவன் பார்ப்பதை நான் பார்க்கிறேன்,
இருவரும் வேறெங்கோ பார்க்கிறோம்.

இடதுபுறம் ஒரு கிளைச்சாலை.
லாரியின் சைகை விளக்கு எரியவில்லை.
அவன் கை மட்டும் கம்பிக்கு வெளியே நீண்டு
பக்கவாட்டில் காட்டியது
(அவனுக்கு வலது, எனக்கு இடது).
பிறகு உள்ளங்கை நேராக என்னை நோக்கி:
நில்.

நின்றேன்.
என் முழங்கை அகலத்தை
முழுசாக மடித்து எடுத்துக்கொண்டு
பின்சக்கரங்கள் திரும்பின.

என்ன மொழிக்காரனோ.
எந்தச் சாலையைக் கொத்தப் போகிறார்களோ.
நன்றி சொல்ல என்னிடம் இருந்தது
கைப்பிடியில் ஒரு சின்ன மணி.
இரண்டு முறை அடித்தேன்.

லாரிக்குள் கேட்டிருக்காது.
பின்னால் நின்ற கார்
தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து
நீளமாக
ஹாரன் அடித்தது.